கேமராவின் முதுகைத் திறந்தவன்

எனக்கு ஐம்பது நெருங்குகிறது. இன்றும் பக்கத்தில் எவன் பைக்காவது உறுமினால் முதலில் என் கண் தானாக இறுக மூடிக்கொள்ளும். அப்புறம்தான் காதுக்கே சத்தம் கேட்கும். எல்லாம் மாமாவின் உபயம்.

மாமாவுக்குக் கொச்சி மட்டாஞ்சேரியில் ஸ்டூடியோ. கல்யாணங்களுக்கு இரண்டு கேமராக்களோடு போவார். ஒன்று பெண் மாப்பிள்ளைக்கு. இன்னொன்று, "என்னையும் ஒண்ணு எடுங்கோ" என்று முண்டியடிக்கும் தூரத்துச் சொந்தங்களுக்கு. அசையாமல் நிற்பவர்களை எடுப்பதில் மாமா புலி. அவரைப் போய், பக்கத்துத் தோப்பும்படி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்த ஒரு மலையாளச் சேட்டன் பைக் பந்தயத்துக்கு அழைத்தார். கோயம்புத்தூர் பந்தயக் குழு ஒன்றில் சேர, தான் பைக்கோடு அந்தரத்தில் பறக்கும் படம் ஒன்று அனுப்ப வேண்டுமாம். ஒன்பது வயது நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஆலுவாவுக்கு அப்பால் காய்ந்த வயலில் மண் தடம். காலையில் ஜீப்புகள், மதியம் பைக்குகள். நடுவில் ஆள் உயர மேடு. மாமா அதன் ஓரம் குத்தவைத்து, வரும் பைக்கோடு கேமராவையும் திருப்பித் திருப்பி அமுக்கினார். முதல் இரண்டு சுற்றில் பழக்கதோஷத்தில் "சிரிங்கோ" என்று வேறு சொன்னார். மூன்றாவது சுற்றில் சேட்டன் எழும்பினார். இரண்டு சக்கரமும் ஆகாயத்தில். "கிடைச்சாச்சு!" என்று மாமா குதித்ததில் அவர் வேட்டியும் கொஞ்சம் பறந்தது.

பிறகு அவர் சாயா குடிக்கப் போனார். கேமரா என் மடியில். பறந்த பைக் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை. பின்மூடியைத் திறந்தேன்.

உள்ளே கருப்பாக, சுத்தமாக, ஒன்றுமே இல்லை.

மூடியைத் திறந்தால் வெளிச்சம் புகுந்து ரோல் செத்துப்போகும் என்று மாமா நூறு தடவை சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ரோல் போடுவதை அவர் இருட்டறையில்தான் செய்வார், நான் கண்டதில்லை. ஆகவே வெளிச்சம் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டது என்று முடிவுகட்டினேன். தெரிந்த சாமிகள் போதாமல் ஜூ டவுனில் யூதர்கள் கும்பிடும் பள்ளிக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். சேட்டனின் கை என் தொடை அளவு. ஓர் அறை விழுந்தால் பெரியாற்றில் மிதந்தே வீடு போய்ச் சேரலாம்.

பந்தயம் முடிந்தது. ரோலைத் திரும்பச் சுற்றும் கைப்பிடியை மாமா திருகினார். ரோல் இருந்தால் கைக்குக் கனக்கும். அது லொடலொடவென்று ஓடியது. மாமாவின் முகம் வெளுத்தது.

"மாமா, நான்தான் திறந்தேன்!" என்று கதறிவிட்டேன்.

மாமா என்னைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். மெதுவாக அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. "அழாதேடா. மாமா இருக்கேனோல்லியோ" என்று என் கண்ணைத் துடைத்தார்.

அதற்குள் சேட்டன் மாமாவிடம் ஓடி வந்தார். "சேட்டா, படம் கிட்டியோ?"

"எந்து பறயானா... குட்டி மூடி துறந்து போயி. எல்லாம் போயி" என்றார் மாமா, மூடியைத் திறந்த குட்டி நான்தான் என்று என்னைக் காட்டி.

சேட்டனின் கை உயர்ந்தது. கண்ணை இறுக மூடினேன். கை என் தலையில் பூப்போல இறங்கியது. "சாரமில்லடா மோனே. ஞான் ஒண்ணுகூடி சாடாம்." இன்னொரு தடவை தாவுவதற்காகப் பைக்கைத் திருப்பினார்.

"வேண்டா, வேண்டா! லைட்டு போயி!" என்று மாமா பதறினார். மணி மூன்று. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

திரும்பும் வழியில் மாமா எனக்கு ஒன்றுக்கு இரண்டாக ஐஸ்கிரீம் வாங்கித் தந்து, தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார். அடுத்த மாதப் பந்தயத்துக்கு அவராகவே போய், காசு வாங்காமல் அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தார். சேட்டன் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தார். என் பாவத்துக்கு மாமா பரிகாரம் செய்கிறாரே என்று உருகிப்போனேன்.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் மாமாவுக்கு உதவப் போனேன். "மாமா, இந்த ரெண்டாவது கேமராவுல ரோலே இல்லையே?"

"அதுல என்னிக்குடா போட்டிருக்கேன்? சொந்தக்காராளுக்கு ஃப்ளாஷ் மின்னினாப் போறும்."

அவசரத்தில் அன்று மாமாவின் தோள்பையில் எந்தக் கேமரா வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. ஒன்பது வயதில் தெரியவில்லை: அந்த வயலில் என்னைவிட அதிகமாக நடுங்கிய ஆள் ஒருவர் இருந்தார், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.