ஞாயிற்றுக்கிழமைக் காது வலி

மதுரையில் யேசு சபைக் குருக்கள் நடத்தும் ஆண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு எனக்கு இடம் வாங்க அப்பா அலையாய் அலைந்தார். ராஜபாளையத்து நூல் மில்லில் அவருக்கு மேஸ்திரி வேலை. லீவு போட்டுவிட்டு அலைந்தார். இடம் கிடைத்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மடவார் வளாகம் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. எனக்கு இஷ்டமா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவுக்குத் தெரியும். பெட்டி அடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள். "அங்க இருக்க முடியலைன்னா, போன்ல காது வலிக்குதுன்னு மட்டும் சொல்லு. நான் வந்து கூட்டிட்டு வந்துருதேன். உங்கப்பாகிட்ட மூச்சு விடாத."

விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன். அதுவும் வார்டன் ஃபாதரின் செல்போன், மேசைமேல், ஸ்பீக்கரில். ஐந்து நிமிடம். அந்தப் பக்கம் அம்மாவுக்கு அருகில் அப்பா, இந்தப் பக்கம் எனக்கு அருகில் ஃபாதர்.

மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் படிக்க வேண்டும், மணி அடித்தால்தான் பசிக்கவே வேண்டும். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, அதனால் குறை சொல்லவும் வழியில்லை. எனக்கு மூச்சு முட்டியது. மூன்றாவது ஞாயிறு சொல்லிவிட்டேன்.

"அம்மா, காது வலிக்குது."

அம்மா வாயைத் திறப்பதற்குள் ஃபாதர் முந்திக்கொண்டார். "கவலைப்படாதீங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்."

மறுநாளே தம் பைக்கில் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் இரண்டு காதிலும் லைட் அடித்துப் பார்த்து, ஒன்றுமில்லையே என்றார். ஃபாதர் விடவில்லை. சொட்டு மருந்து எழுதி வாங்கி, வாரம் முழுக்கத் தாமே என் தலையைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினார். நல்ல மனிதர். அந்த நல்ல மனதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தினமும் விடுதி வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வரவில்லை. அவள்மேல் வந்த கோபம் அப்பாமேல்கூட எனக்கு வந்ததில்லை.

அடுத்த ஞாயிறு நான் விடுவதாக இல்லை.

"இன்னும் வலிக்குதும்மா. நிக்கவே மாட்டேங்குது."

அந்தப் பக்கம் அப்பா இருமுவது கேட்டது.

"எனக்கும் அந்தக் காது வலிதான்லே," என்றாள் அம்மா. "கல்யாணமாகி இங்க வந்த நாள்லருந்து. எங்க அம்மாட்ட எம்புட்டோ தடவ சொன்னேன். அவளும் மருந்துதான் ஊத்துனா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினான்கு வருடம் அவளோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

"ஏட்டி, உனக்கு எப்ப காது வலி வந்துச்சு?" அப்பாவின் குரல். "எங்கிட்ட சொல்லவே இல்ல?"

ஃபாதர் மருந்தை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"எனக்கு இப்பத் தேவலைம்மா," என்றேன்.