ரத்தமில்லாத சங்கம்

திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படித்தபோது எங்கள் ஹாஸ்டலில் பெண்கள் கூட்டம் கூட்டமாகத்தான் இருப்பார்கள். காலனித் தெருக்களிலிருந்து வந்த எங்கள் ஐந்து பேரை எந்தக் கூட்டமும் சேர்த்துக்கொள்ளவில்லை. நாங்களே ஒரு சங்கம் ஆரம்பித்தோம். நான் தலைவி, கையெழுத்து நன்றாக இருந்ததுதான் தகுதி. கொள்கைகளை எழுதினேன். ஒருத்தி அரியர் வைத்தால் ஐவரும் கூட உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒருத்தியைச் சாதி சொல்லிப் பேசினால் ஐவரும் போய்க் கேட்க வேண்டும். ஊருக்கு உபகாரம் செய்ய வேண்டும்.

கடைசிக் கொள்கையில்தான் மாட்டிக்கொண்டோம்.

முதல் உபகாரம் ரத்ததான முகாம். போர்வெல் போடும் ரிக் வண்டி ஆட்கள் வரிசையில் நிற்க, "முதலில் சங்கத்தார் கொடுப்பார்கள்" என்று மைக்கில் நானே அறிவித்தேன்.

நர்ஸம்மா என் விரலில் குத்தி, ஒரு துளியை நீலத் தண்ணீரில் விட்டார். மூழ்கினால் தெம்பான ரத்தமாம். என்னுடையது ஜம்மென்று மிதந்தது.

"ஏஞ்சாமி, நீ ரத்தம் குடுக்க வந்தியா, வாங்க வந்தியா?"

அடுத்த மூவருக்கும் அதே கதை. ஐந்தாமவள் எடை முப்பத்தொன்பது கிலோ; நாற்பத்தைந்தாவது வேண்டுமாம். செருப்பைப் போட்டுக்கொண்டு மறுபடி ஏறிப் பார்த்தாள்.

வரிசையில் முதலில் நின்ற பெரிய மீசைக்காரர், "உடுங்க தலைவரம்மா, உங்களுக்கும் சேத்தி நாங்க குடுத்தர்றமுங்க" என்றார். ஆயிரம் அடிக்குத் துளை போடுகிறவர், ஊசியைப் பார்த்ததும் மயங்கிச் சாய்ந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கிடத்தி விசிறினோம். அன்று நாங்கள் செய்த உபகாரம் அது ஒன்றுதான்.

திரும்பும்போது, எங்களில் வெண்ணந்தூரிலிருந்து வந்தவள் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "எங்கம்மாவும் தறிகிட்ட நிக்கறப்ப தலை சுத்துதும்பா. அதுக்கும் ரத்தம் இல்லையோ என்னவோ."

அடுத்த மாதமே நர்ஸம்மாவை அவர்கள் தெருவுக்கு அழைத்துப் போனோம். தறி ஓட்டும் பெண்களில் பெரும்பாலோருக்குச் சோகை. இரும்புச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். முழுங்குகிறார்களா என்று பார்க்க ஞாயிறுதோறும் போய் வீடு வீடாக நின்றோம். "போலீஸ் வருது" என்று கத்திவிட்டு வாயில் போட்டுக்கொள்வார்கள்.

நாலு மாதம் கழித்து அவள் அம்மா, "இப்பெல்லாம் கண்ணு இருட்டறதில்லீங்க" என்று சொல்லிக் கோழி அடித்தார். ஐவரும் கூச்சப்படாமல் இரண்டாம் தடவையும் சோறு வாங்கினோம்.