ஏணிக்கு எட்டாத ஐஸ்

சுவிஸில் நொஷாட்டல் நகரத்துக்குப் பின்னால் உள்ள மலையில் இயற்கையான ஐஸ் குகை ஒன்று இருக்கிறது. ஆறு வருடங்களுக்கு முன் போனபோது இரும்பு ஏணியின் கடைசிப் படி, இருபத்துமூன்றாவது, ஐஸைத் தொட்டுக்கொண்டிருந்தது. எண்ணி நாட்குறிப்பில் எழுதியிருந்தேன். போன ஆவணியில் மகள் திரும்பவும் கூட்டிப்போனாள். மனைவிக்கு இடுப்புவலி, மேலேயே ஒரு கல்லில் இருந்துவிட்டாள்.

இருபத்துமூன்றாவது படியில் நின்று காலை நீட்டினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஏணி அதே ஏணிதான், ஐஸ்தான் இடுப்பளவு இறங்கிப்போயிருந்தது. முன்னால் குதித்துவிட்ட மகள் என்னைப் பிடித்து இறக்கினாள். திரும்பி ஏறுவதை இருவருமே யோசிக்கவில்லை.

ஐஸ் சாம்பல் நிறத்தில், ஓரங்களில் பாறையை விட்டு விலகிக் கிடந்தது. கூரையிலிருந்து நிமிடத்துக்கு நாற்பத்தாறு சொட்டு விழுந்தது. போதும், போவோம் என்று ஏணியடிக்கு வந்தேன். முழங்கால் அந்த உயரத்துக்கு மடியவில்லை. மூன்று முறை முயன்றேன். கைகளில் உன்னிப் பார்த்தேன், உடம்பு எழும்பவில்லை. மகளின் போனில் சிக்னல் இல்லை. பதினான்கு நிமிடங்கள் அப்படியே போயின. தலைக்கு மேலே வானம் ஒரு தட்டளவு தெரிந்தது.

"இஞ்சருங்கோ," என்று மேலேயிருந்து மனைவி கூப்பிட்டாள். நாற்பத்தொரு வருடமாக அதுதான் என் பெயர். வாறம் என்று பொய் சொன்னேன்.

மகள் ஏணியடியில் குந்தினாள். "தோளிலை காலை வையுங்கோ அப்பா."

புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறவன் நான். பெற்ற பிள்ளையின் தோளில் எப்படி வைப்பது? வேறு ஆட்கள் வருவார்கள், பொறுப்போம் என்றேன்.

"வெளியிலை எத்தினை கார் நிண்டது? எண்ணியிருப்பீங்களே."

"ஒண்டு," என்றேன். "எங்கடை."

சப்பாத்தைக் கழற்றி, நாடாவை முடிந்து கழுத்தில் மாட்டினேன்.

"அப்பா, இது கோயிலில்லை. கால் விறைக்கப்போகுது."

விறைத்தது. ஈரமான காலுறையோடு அவள் தோளில் ஏறினேன். அவள் நடுங்கிக்கொண்டே நிமிர்ந்தாள். என் வாய் தானாக "லாபம்" என்றது. நெல் அளக்கும்போது எங்கள் ஆட்கள் ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் தொடங்குவார்கள். பிறகு இரும்புப் படி. இரண்டு, மூன்று, நான்கு. பன்னிரண்டில் மூச்சு முட்டியது, நின்றேன். கீழே பார்க்கவில்லை. இருபத்துநான்கில் வெயில் முகத்தில் பட்டது.

மனைவி என் கழுத்துச் சப்பாத்தைப் பார்த்தாள். பின்னால் ஏறிவந்த மகளின் தோளில் சேறாய் ஒரு காலடி. மனைவி அதைத் தன் கைலேஞ்சியால் துடைத்தாள்.

காரில் நாட்குறிப்பைத் திறந்து, பழைய இருபத்துமூன்றுக்குப் பக்கத்தில் இருபத்துநான்கு என்று எழுதினேன். மகள் எட்டிப் பார்த்தாள்.

"ஏணி வளராது அப்பா."

நான் அந்த எண்ணை வெட்டவில்லை.