மூன்று அங்குலம்

காபி டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, எதிரே நகம் வெட்டிக்கொண்டிருக்கும் என்னை ஒரு கண்ணை இடுக்கிப் பார்க்கிறார் மாமா. "மூக்கு அஞ்சடி ரெண்டு அங்குலம். கண்ணு அஞ்சடி மூணு." அளந்து பார்த்தால் அச்சாக அப்படியே இருக்கும். இது எங்கள் வீட்டுப் பந்தயம். ஓர் அங்குலம் தப்பினால் பாத்திரம் கழுவுவது அவர். தப்பாவிட்டால் நான். நாலு வருஷமாக நான்தான்.

அம்மாவின் தம்பி. சினிமாவில் ஃபோகஸ் பார்க்கிறவர். கேமராவுக்கும் நடிப்பவரின் கண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து, லென்ஸின் வளையத்தை அந்த எண்ணில் வைக்க வேண்டும். ஆள் நடந்தால் கூடவே திருப்பிக்கொண்டு போக வேண்டும். படத்தின் கடைசியில் இவர் பெயர் ஓடும்போது பாதி ஜனம் வெளியே வண்டியை எடுத்துக்கொண்டிருக்கும். "படம் பிடிக்கிறவரை எல்லாருக்கும் தெரியும். என்னை, படம் மங்கினா மட்டும்தான் தெரியும்" என்பார்.

கேமராவின் கைப்பிடியைச் சுற்றிப் படமெடுத்த காலத்தில், வேகம் மாறாமலிருக்க மனசுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டே சுற்றினார்கள் என்பதை என்னிடம் இருபது தடவையாவது சொல்லியிருக்கிறார். "சுத்துறவருக்குத் தூக்கம் வந்தா?" என்று கேட்டேன். "கை மெதுவாகும், திரையில நடக்கிறவன் ஓடுவான்."

அவருடைய துணி டேப்பின் முதல் அரை அடியில் எண்களே இல்லை. விரல் பட்டுப் பட்டு அழிந்துவிட்டன. நுனியில் ஒரு பித்தளைத் தகடு. கேமரா பக்கம் ஒருவர் உருளையைப் பிடித்து எண்ணைப் படிக்க, இவர் நுனியை நடிப்பவரின் கண்ணோரம் கொண்டுபோவார். தகட்டின் முனைமேல் கட்டைவிரலை மடித்து வைத்துக்கொண்டுதான் போவார். ஏன் என்று கேட்டதற்கு, "பித்தளைடீ, வாலு. குத்திட்டா?" என்றார்.

பாத்திரம் கழுவி அலுத்துப்போன ஒரு சாயங்காலம், தகட்டைக் கழற்றி, டேப்பின் நுனியில் மூன்று அங்குலம் கத்தரித்து, தகட்டைப் பச்சை நூலால் திரும்பத் தைத்துவிட்டேன். தையலில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் நல்ல பேர். மற்றபடி பள்ளிக்கூடமும் நானும் எட்டாவதோடு பிரிந்துவிட்டோம்.

அன்றைக்கு மாமா கதவைப் பார்த்து "எட்டு அடி" என்றார். டேப் எட்டே கால் என்றது. மூன்று தடவை அளந்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போனார். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். காலையில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். எழுந்தபோது டேப்போடு வேலைக்குப் போய்விட்டிருந்தார். அதைத்தான் எடுத்துப்போவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தூங்கினேன்.

அன்று எடுத்தது கதாநாயகி அழும் காட்சி. முகம் மட்டும். நடுவில் படப்பிடிப்பு இல்லை; நானும் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். நாலாம் நாள், ஃபிலிம் கழுவும் லேப்பிலிருந்து வந்ததைப் போட்டுப் பார்த்தார்களாம். கண்ணும் கண்ணீரும் மங்கல். கண்ணுக்கு மூன்று அங்குலம் பின்னாலிருந்த காதுத் தோடு மட்டும் பளபளவென்று. "என்னய்யா, தோடா அழுவுது?" என்று ஒளிப்பதிவாளர் கேட்க, இருட்டில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

"நீ என்னடா சொன்னே?" என்று அம்மா கேட்டாள். நான் சமையலறையில் கை நனைந்தபடி நின்றேன்.

"என் தப்புன்னேன். நாளைக்கு மறுபடி எடுக்கிறாங்கக்கா. இன்னொரு தடவை மங்கினா வர வேணாம்னுட்டாரு."

நாங்கள் மூன்று பேர் சாப்பிடுவது அந்த வேலையில்தான். அம்மா கடைக்குப் போனதும் அவர் முன்னால் போய் நின்றேன். "மாமா, டேப்பை நான்தான்..."

"தெரியும். அந்தப் பச்சை நூல் உங்கம்மா டப்பாவைத் தவிர வேற எங்க இருக்கு?"

"அவங்ககிட்ட ஏன் சொல்லல?"

"என்னத்தைச் சொல்ல? வீட்டுல ஒரு குட்டிச்சாத்தான் இருக்குன்னா? எடுத்துட்டுப் போறப்ப சரிபார்க்காதது யாரு?" வேறெங்கோ பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நாலடின்னு கண்ணு சொல்லிச்சு. டேப்பு நாலே கால்னுச்சு. முந்தின நாள் கதவுல தோத்தவன்தானே, என் கண்ணை நானே நம்பல."

அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

புது டேப் ஒன்று வாங்கி வந்திருந்தார். அதன் உருளையை ஜன்னல் கம்பியில் மாட்டினார். "அங்க நில்லு" என்றார். வாலு என்று கூப்பிடவில்லை. ஜன்னலிலிருந்து என்னைக் கண்ணால் ஒரு தடவை அளந்து, ஏதோ ஓர் எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, நுனியோடு வந்தார். எனக்குக் கண் ததும்பியது. இறுக்கி மூடிக்கொண்டேன்.

"தொற. தொறந்தாத்தான் அளக்க முடியும்."

திறந்தேன். புதுப் பித்தளை என் கண்ணோரம் வந்து நின்றது. அதன் முனைமேல் கட்டைவிரலை மடித்து வைத்திருந்தார்.