வேட்டை நாயும் பாயின் செருப்பும்

பேரீச்சம்பழக் கொட்டகை முதுகுக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டே வந்தது. தோளில் பை, கக்கத்தில் சுருட்டிய போர்வை. பழ சீசன் முடிந்தது, கலாஸ் என்று காலையில் சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் கம்பெனி வண்டிக்காக நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு உட்கார வராது. ஒன்பதாம் வகுப்பை நான் முடிக்காததற்கும் அதுதான் காரணம். வளைகுடாவுக்கு வந்து மங்காஃபில் லாண்டரியில் இஸ்திரி போட்டேன், அல் குசைஸில் மரக்கடையில் பலகை சுமந்தேன், நடுநடுவே ஊருக்குப் போய்த் திரும்பினேன். அல் தைத் பக்கம் இந்தத் தார்ச் சாலையில் நடந்ததும் அதைப் போல இன்னொரு நடைதான்.

ஒரு பிக்கப் என்னைத் தாண்டிப் போய் நின்றது. பின்னால் கம்பிக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு பெட்டை நாய். வெள்ளை உடம்பில் காபிக்கொட்டை நிறத் திட்டுகள், தொங்கும் காதுகள். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. சாலையோரப் புதரைப் பார்த்தபடி முன்னங்கால் ஒன்றை மடக்கித் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"கால்ல அடியா?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் டிரைவரிடம் கேட்டேன்.

டிரைவர் பெஷாவர்க்காரர். தாடி முழுக்க மருதாணிச் சிவப்பு. கீழே இறங்கி ஒரு கல்லை எடுத்துப் புதருக்குள் எறிந்தார். உள்ளேயிருந்து ஒரு கௌதாரி படபடவென்று எழும்பிப் பறந்தது.

"கால் நல்லாத்தான் இருக்கு. பறவை எங்கேன்னு காட்டுறா," என்றவர் என் பையையும் போர்வையையும் பார்த்தார். "குத்தே சே டர்தா ஹை?"

நாய்க்குப் பயப்படுகிற ஆள் நானில்லை என்றேன்.

"யல்லா, ஏறு."

வண்டியில் போகும்போது விவரம் சொன்னார். அவருடைய அர்பாப், அதாவது முதலாளி, குளிர்காலம் வந்தால் வெளிநாட்டுக்கு வேட்டைக்குப் போகிறவர். அதற்காக இந்த நாயை ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் வரவழைத்திருக்கிறார். பறவை ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும், விழுந்த பறவையைக் கவ்வி வந்து கையில் கொடுக்க வேண்டும். முதல் வேலையைச் செய்கிறாள். இரண்டாவதில்தான் தகராறு. கவ்வுகிறாள், பாதி வழி வருகிறாள், எதிரில் மனிதனைப் பார்த்ததும் பறவையைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்குகிறாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் லீவில் போய்த் திரும்பவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அர்பாப் நண்பர்களோடு தோட்டத்துக்கு வருகிறார். அன்றைக்கும் கொண்டுவரவில்லையென்றால் அவளைக் கிடங்கில் காவலுக்குக் கட்டிப்போட அனுப்பிவிடுவார்.

"அதுவரைக்கும் உனக்குச் சாப்பாடு, ரூம். அப்புறம் அவ அதிர்ஷ்டம், உன் அதிர்ஷ்டம்."

கிடங்கு என்றால் தகர ஷீட், சங்கிலி, கொளுத்தும் வெயில். அப்படிப்பட்ட இடங்களில் நானும் வேலை பார்த்திருக்கிறேன். எனக்காவது கேட்டைத் திறந்துகொண்டு நடக்கத் தெரியும்.

தோட்டத்தில் பேரீச்சை மரங்கள், ஒட்டகத்துக்கான புல் வயல், வலையடித்த கூண்டுகளில் காடைகள். சமையல்காரர் ராமநாதபுரம் கடற்கரைக்காரர். நான் வாய் திறந்ததுமே அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"தமிழா? அல்ஹம்துலில்லாஹ். இந்த உஸ்தாத்கிட்ட பேசிப் பேசி என் வாயே கோணிப்போச்சு. வாங்க தம்பி, சோறு இருக்கு. ஒண்ணே ஒண்ணு, அந்த நாயத் தொட்ட கையோட என் கிச்சனுக்குள்ள வரக்கூடாது."

உஸ்தாத் என்றது டிரைவரை. சமையல்காரரை நான் பாய் என்று கூப்பிட்டேன்.

முதல் சில நாட்கள் அவள் எனக்குப் பாடம் நடத்தினாள். காலையில் ஒரு காடையைப் புல்லுக்குள் விட்டுவிட்டு அவளை அவிழ்த்துவிடுவேன். மூக்கைக் காற்றுக்கு நேராகத் தூக்கியபடி குறுக்கும் நெடுக்கும் ஓடுவாள். திடீரென்று யாரோ சாவியைத் திருகி நிறுத்தியது போல நிற்பாள். நான் ஆசையோடு ஓடிப் புதரை விலக்கினால் உள்ளே ஒன்றும் இருக்காது. பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் பிடிபட்டது: வால் குச்சி மாதிரி விறைத்திருந்தால் பறவை அங்கேயே இருக்கிறது. நுனி மட்டும் துடித்தால் அது நடந்து நகர்ந்துவிட்டது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் அது பறவையே இல்லை, உடும்பு. சொட்டுநீர் வால்வுப் பெட்டிக்குள் ஒன்று குடியிருந்தது, அதற்கும் அவள் தினம் ஒருமுறை மரியாதை செய்துவிட்டு வருவாள். பின்னாலிருந்து நான் நெருங்கினால் முந்திக்கொண்டு பாய்வாள். சுற்றிப் போய் எதிர்ப்பக்கமாக வந்தால் எவ்வளவு நேரமானாலும் நிற்பாள்.

ஒருநாள் கிச்சன் வாசலில் காலைத் தூக்கி நின்றுகொண்டு ஃப்ரீசரையே பார்த்தாள். வால் விறைத்திருந்தது. உள்ளே காடைகள்தான். பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மூடி போட்டுப் பூட்டி வச்சிருக்கேன், அதையும் கண்டுபிடிக்கிது பாரேன்!"

கவ்வி வருவதுதான் ஒன்றும் நடக்கவில்லை. செத்த காடையை எறிந்தால் அம்பு மாதிரி போனாள், எடுத்தாள், என்னை நோக்கி வந்தாள், நான் கையை நீட்டியதும் கீழே போட்டுவிட்டு வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்தாள். வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சுவிட வாய் வேண்டுமே, அதனால் போடுகிறாளோ என்று நினைத்தேன். விடியற்காலைக் குளிரில் செய்து பார்த்தேன். அப்போதும் அதேதான். இறகு வாயில் ஒட்டுகிறதோ என்று துணியில் சுற்றிக் கொடுத்தேன். துணியோடு சேர்த்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மோட்டார் அறை ஓரம் உட்கார்ந்திருந்தேன். அவள் பாயின் ரப்பர் செருப்பு ஒன்றைக் கவ்விக்கொண்டு, வாலை ஆட்டியபடி, நேராகக் கிச்சன் வாசலுக்குப் போனாள். பாய் கரண்டியோடு வெளியே வந்தார்.

"யா அல்லாஹ்! மறுபடியுமா! போடு சனியனே! போடு கீழே!"

அவள் செருப்பைப் போட்டுவிட்டு வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்தாள். காடையைப் போடும்போது என்னைப் பார்ப்பாளே, அதே பார்வை.

நான் எழுந்து போனேன். "பாய், இவ காடைய கீழ போடறதுக்கு நீங்கதான் காரணம்."

"நானா? நான் எந்தக் காடையத் தொட்டேன்? அர்பாபுக்குத் தெரியாம ஒண்ணுகூட எடுத்து வறுத்ததில்ல தம்பி."

"காடை இல்ல பாய், செருப்பு. வாய்ல எதக் கொண்டாந்தாலும் திட்டு விழுது. அதனால ஆளப் பாத்ததுமே கீழ போட்டுடறா."

பாய் கரண்டியை வாசல்படியில் வைத்தார். "என் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. எங்க மத்ஹப்ல, அதாவது நாங்க பின்பத்துற மார்க்கச் சட்டத்துல, நாய் எச்சில் பட்டா ஏழு தடவை கழுவணும், அதுல ஒரு தடவை மண்ணு கலந்து. கழுவிக் காயப்போட்டா, காயறதுக்குள்ள தூக்கிட்டு வந்து என் முன்னாடியே நிக்கிது. மனுசன் கத்தாம கொஞ்சவா செய்வான்?"

"அர்பாப் மட்டும் அவ தலையத் தடவிக் குடுப்பாராமே?"

"அவங்க மத்ஹப்ல அது லேசு. எங்களுக்கு அப்படி இல்ல."

"அவ திருடிட்டுப் போகல பாய். உங்களுக்குக் கொண்டாந்து குடுக்கிறா. சோறு போடறது நீங்கதான?"

பாய் அவளைப் பார்த்தார். அவள் படுத்தபடியே வாலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நான் பெத்ததுக ஒண்ணுகூட எனக்குச் செருப்பு எடுத்துக் குடுத்ததில்ல தம்பி," என்றார் மெதுவாக. பிறகு, "சரி, நான் என்ன செய்யணும்?"

"கொண்டாந்தா வாங்கிக்கணும். நல்லதா நாலு வார்த்தை சொல்லணும்."

"கையாலயா? மாட்டேன். அது மட்டும் முடியாது." உள்ளே போய் ஒரு பழைய நீல வாளியை எடுத்து வந்தார். "இதுல போடச் சொல்லுங்க. இந்த வாளி இனிமே அவளுக்கு. அந்தச் செருப்பும் அவளுக்கே."

நேருக்கு நேராக உட்கார்ந்தால் அவள் கிட்டே வரவில்லை. பழைய பயம். ஆகவே பாய் படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாளியைப் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தார். அவள் வந்தாள், நின்றாள், போனாள், மறுபடி வந்தாள். பாய்க்குக் கை வலித்தது.

"அடுப்புல கறி கெடக்கு தம்பி. மேடத்த சீக்கிரம் வரச் சொல்லுங்க."

டப் என்று செருப்பு வாளிக்குள் விழுந்தது.

"மாஷா அல்லாஹ்!" என்று பாய் போட்ட சத்தத்தில் கூண்டுக் காடைகள் அத்தனையும் உள்ளேயே படபடத்தன. நல்லவேளையாக அவள் பயப்படவில்லை. சுற்றிச் சுற்றி ஓடினாள்.

புதன்கிழமைக்குள் செருப்பிலிருந்து காடைக்கு வந்துவிட்டோம். எவ்வளவு தூரம் எறிந்தாலும் கொண்டுவந்தாள். பாய் வாளிக்குள் குனிந்து பார்த்து, "ஒரு பல்லுகூடப் படல," என்று டிரைவரிடம் தன் சொந்தச் சாமர்த்தியம் போலப் பெருமையடித்தார்.

வியாழக்கிழமை நான் கையை நீட்டிப் பார்த்தேன். என்னைக் கவனிக்காமலே தாண்டிப் போய்ப் பாயின் வாளியில் போட்டாள். திரும்பவும் நீட்டினேன், திரும்பவும் தாண்டினாள். கொடுப்பது என்றால் வாளியில் போடுவது என்று அவளுக்குச் சொல்லித்தந்திருக்கிறோம். மறுநாள் வெள்ளி. இன்னொரு பழக்கத்தைப் பழக்க நேரமில்லை. வாளியை அர்பாப் பக்கத்திலேயே சாதாரணமாக வைத்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

ஜும்மா தொழுகை முடிந்து, வெயில் இறங்கியதும் அர்பாப் இரண்டு நண்பர்களோடு வந்தார். வெள்ளைக் கந்தூரா அங்கியில் கறை படாத மனிதர். புல்லில் காடை விட்டிருந்தோம். அவள் மூக்கைத் தூக்கினாள், ஓடினாள், நின்றாள். வால் குச்சி மாதிரி. நண்பர் ஒருவர் "மாஷா அல்லாஹ்" என்று சொன்னதும் வால் ஆட ஆரம்பித்துவிட்டது. காடை நகர்ந்துவிட்டதோ என்று புல்லை எட்டிப் பார்த்தேன். காடை அங்கேயேதான் இருந்தது. அந்த வார்த்தை யார் வாயிலிருந்து வந்தாலும் அவளுக்குப் பாராட்டு.

பிறகு உஸ்தாத் செத்த காடையை வேலி வரைக்கும் வீசினார். அவள் போய்க் கவ்வினாள், திரும்பினாள். அர்பாப் முழங்கால் போட்டுக் கையை நீட்டினார். அப்போதுதான் பார்த்தேன், வாளியைக் காணவில்லை.

அவள் அர்பாபின் கையைத் தாண்டி, நண்பர்களைத் தாண்டி, கிச்சன் வாசலுக்குப் போனாள். அங்கே பாய் வெறுங்கையோடு நின்றிருந்தார். அவர் முன்னால் காடையோடு நின்று நிமிர்ந்து பார்த்தாள். பாய் என்னைப் பார்த்தார். நண்பர்களில் ஒருவர் அரபியில் ஏதோ சொன்னார். நாயை நீ வாங்கவில்லை, உன் சமையல்காரர்தான் வாங்கியிருக்கிறார் என்பது அர்த்தமாம், பாய் பிறகு சொன்னார். அர்பாபுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து கந்தூராவிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"உஸ்தாத், வாளி எங்கே?" என்று கத்தினேன்.

அவர் வாயில் கையை வைத்தார். விருந்தினர் வண்டியில் தூசியாக இருக்கிறதே என்று அந்த வாளியில்தான் தண்ணீர் பிடித்துக் கழுவியிருக்கிறார். நான் ஓடிப் போய் வண்டிக்குப் பின்னாலிருந்து எடுத்து, சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வந்த வேகத்தில் அதை அர்பாப் கையில் கொடுத்துவிட்டேன். ஒரு முதலாளியிடம் வாளியை நீட்டுவது என்ன மரியாதை என்று யோசிக்க நேரமில்லை.

"அர்பாப், ஹாத் நஹி. பால்டி," என்றேன். கையில் இல்லை, வாளியில்.

அவர் என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாளியைப் பிடித்து, யாசகம் கேட்கிறவர் போல முன்னால் நீட்டினார். அவள் வாளியைக் கண்டதும் வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

டப்.

"மாஷா அல்லாஹ்!" என்று பாய் பழக்கதோஷத்தில் கத்திவிட்டுத் தன் வாயைப் பொத்திக்கொண்டார். நண்பர்கள் இருவரும் மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள். அர்பாப் வாளிக்குள் எட்டிப் பார்த்தார், காடையைத் தூக்கி இறகை விலக்கிப் பார்த்தார், கடைசியில் அவரும் சிரித்தார். அவள் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தார், அவள் அவர் காலில் சாய்ந்துகொண்டாள்.

"கையில் எப்போது தருவாள்?" என்று இந்தியில் கேட்டார்.

"முதல்ல இதவிடச் சின்ன வாளி. அப்புறம் பேசின். அப்புறம் தட்டு. அப்புறம் கை," என்று ஒவ்வொன்றையும் கையால் அளந்து காட்டினேன்.

அவர் யோசித்தார். இந்தப் பயணத்துக்கு முடியாது, அடுத்ததற்குத் தயாராகட்டும் என்றார்.

"கிடங்கு, அர்பாப்?" என்று உஸ்தாத் மெதுவாகக் கேட்டார்.

"கிடங்கு மாஃபி," என்றார். கிடங்கு கிடையாது.

அன்று பாய் விருந்தினருக்கு வைத்த பிரியாணியில் எங்களுக்கும் ஒரு தாம்பாளம் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

மறுநாள் காலை பாய் கிச்சன் சுவரோரம் பாத்திரங்களை அடுக்கிவிட்டார். கைப்பிடி போன சிவப்பு வாளி, நசுங்கிய பேசின், விளிம்பு உடைந்த சூப் கிண்ணம், ஒரு பீங்கான் தட்டு. "எல்லாம் கழிச்சுக் கட்டினது. ஒண்ணும் திரும்பி உள்ள வரக்கூடாது," என்றார். அர்பாபின் ஆபீஸிலிருந்து போன் வந்தது. விசாவில் என்னைத் தோட்டத் தொழிலாளி என்று போடப்போவதாகச் சொன்னார்கள். சரி என்றேன். போனை வைத்துவிட்டு அவளை அவிழ்த்துவிட்டேன், செருப்பைப் பேரீச்சை மரங்கள் பக்கமாக வீசினேன், சிவப்பு வாளியோடு படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.