ஐம்பத்திரண்டைத் தாண்டாத வேன்

மணிக்கு ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். மூன்று வாரமாகப் பிரிஜாவின் பிழைப்பு அந்த எண்ணில் முட்டி நின்றது. முள் அதைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறும். ஐம்பத்தெட்டில் கையைப் பிடுங்கும்.

மண்டைக்காட்டை அடுத்த கடற்கரை ஊர் அவளுடையது. வயது முப்பத்து நான்கு. கணவர் ஜெஃப்ரின் மஸ்கட்டில் மீன்பிடிப் படகில் இருக்கிறார். கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தாள். ஒரே இடத்தில் உட்கார முடியாமல் அதை விட்டாள். டிரைவிங் படித்து ஒரு பழைய வேன் வாங்கினாள். ஊரில் மீன் விற்கும் பெண்கள் ஒன்பது பேரையும் அவர்களுடைய பெட்டிகளையும் தினமும் விடியுமுன் ஏற்றிக்கொண்டு வள்ளியூர்ச் சந்தைக்குப் போகிறாள். ஏழு மணிக்குள் சேர வேண்டும். பிந்தினால் தூத்துக்குடி மீன் முந்திவிடும்.

முதலில் காற்றைச் சந்தேகப்பட்டாள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று வேனையே ஒதுக்கித் தள்ளும். ஆனால் இலை அசையாத காலையிலும் உதறியது. டயர் கடையில் சக்கரங்களை, எடை சுற்றிலும் சமமாகும்படி, பேலன்ஸ் செய்தார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் திரும்பவும் அதே உதறல். வேறொரு கடையில் அலைன்மென்ட் பார்த்து, சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் சேர்க்கும் இணைப்பை மாற்றி, மறுபடி பேலன்ஸ் செய்தார்கள். மறுபடியும் மூன்றாம் நாள்.

 

புதன்கிழமை வள்ளியூர் சேர்ந்தபோது மணி ஏழே முக்கால். பெண்களில் மூத்தவரான செசிலி பெட்டியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "ஏட்டி, நீ மீன் கொண்டு போறியா, பொணம் கொண்டு போறியா?"

"எனக்க கையில என்ன இருக்கு மாமி? கூட்டினா ஸ்டியரிங் துள்ளுது."

"துள்ளுத மீனு எனக்க பெட்டியில இல்லியே, எல்லாம் செத்து நாறுது! சனிக்கிழம வர பாப்போம். சரியாவலன்னா திங்கள்ல இருந்து யூஜின் வண்டி."

யூஜினும் அதே ஊரில் வேன் ஓட்டுகிறவன். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு தங்கள் பெட்டிகளை இறக்கினார்கள்.

சனிக்கிழமையும் உதறியது. எல்லாரையும் ஊரில் இறக்கிவிட்டு, சாப்பிடாமல் கன்னியாகுமரிக்குப் பக்கத்திலுள்ள கொட்டாரத்துக்கு ஓட்டினாள். அங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ரதீஷ் ஜாக்கியை எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டான்.

"பிரேக் பிடிச்சா உதறல் கூடுதாக்கா?"

"இல்ல."

"பேலன்ஸ் செய்த அன்னைக்கு?"

"பஞ்சு மாதி ஓடும். மூணாம் நாளு தொடங்கிரும். ரெண்டு கடை ஏறியாச்சு, நீயும் கேள்வி கேட்டே கொல்லாதே."

"ரெண்டு நாளு நல்லா ஓடுதுன்னா பேலன்ஸ் சரியாத்தான் செய்திருக்கான். அதுக்குப் பொறவு சக்கரத்துல எடை மாறுது. வண்டிய எங்க நிறுத்துவிய?"

"கடப்பொறத்துலதான். மணல்ல."

அவன் முன்சக்கரங்களைக் கழற்றிப் புரட்டினான். உட்பக்கம் முழுக்கக் கன்னங்கரேலென்று ஒரு படை. அதில் மணல் மேடும் பள்ளமுமாகப் பிடித்திருந்தது. சில இடங்களில் கட்டி பெயர்ந்து விழுந்து இரும்பு தெரிந்தது.

"இது என்னதுக்கா?"

பிரிஜா குனிந்து பார்த்தாள். "அண்டித்தோட்டு எண்ணெய்." முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து எடுப்பது.

"சக்கரத்துக்கா?"

"உப்புத்தண்ணி பட்டு துரு ஏறுதுன்னு போன மாசம் நாந்தான் பூசினேன். அப்பா கடல்ல போற வள்ளத்துக்குப் பூசுவாவ. வருசக்கணக்கா ஒண்ணும் ஆவாது."

ரதீஷ் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "வள்ளம் உருளாதேக்கா!"

அந்த எண்ணெய் சீக்கிரம் காயாது. கரையில் நிறுத்தும்போதெல்லாம் ஈர மணல் அதில் ஒட்டியது. ஓட்டத்தில் ஒரு கட்டி விழுந்தது, மறுநாள் வேறிடத்தில் இன்னொன்று பிடித்தது. கடைக்காரர்கள் அவசரத்தில் அந்தப் படையோடு சேர்த்தே பேலன்ஸ் செய்து அனுப்பியிருக்கிறார்கள். பூசியபோது அந்த எண்ணெய் சுட்டு அவள் கையில் கொப்புளம் எழுந்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. நல்லவேளை, பிரேக்கில் எண்ணெய் படவில்லை.

நின்று பார்க்க அவளால் முடியவில்லை. ரதீஷ் கையிலிருந்த உளியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மண்ணெண்ணெய் ஊற்றி இருவரும் இரண்டு மணி நேரம் சுரண்டினார்கள். சுரண்டியதை செசிலி வேனில் விட்டுப்போன தராசில் ரதீஷ் வைத்துப் பார்த்தான். இடது சக்கரத்தில் நானூற்றுப் பத்து கிராம், வலதில் நூற்று நாற்பது. பின்சக்கரங்களையும் துடைத்து, நான்கையும் புதிதாக பேலன்ஸ் செய்தான்.

"இனி கரையில நிறுத்தாண்டாம். எண்ணெயும் வேண்டாம், நல்ல தண்ணி அடிச்சு கழுவினா போதும்."

ஞாயிறு பூசை முடிந்ததும் காலி வேனை ஆரல்வாய்மொழிவரை ஓட்டினாள். எழுபதில் உதறவில்லை. அதை அவள் நம்பவில்லை. முதல் நாள் எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

திங்கட்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். செசிலியும் மூவரும் யூஜின் வண்டியில் ஏறினார்கள். பிரிஜா ஆறு ஐம்பதுக்கு வள்ளியூர் சேர்ந்தாள். செவ்வாயும் சேர்ந்தாள். புதன், வியாழன் வந்தும் ஸ்டியரிங் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை செசிலி தன் பெட்டியை ஒன்றும் பேசாமல் பிரிஜாவின் வேனில் ஏற்றினார். மற்ற மூவரும் யூஜினிடம் மாதக் கடைசிவரை வருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஒன்றாம் தேதி பிரிஜாவின் வேனுக்கு வருகிறார்கள்.