கண் பொத்திய கை

இது கட்டுக்கதை அல்ல. நடந்தது. யாருக்கு நடந்தது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடலாம். பரந்தனுக்குக் கிழக்கே, குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த இளையதம்பியின் சின்ன மகள் இரஞ்சிதத்துக்கு. இன்றைக்கு அவளிடம் போய்க் கேட்டால் "உங்களுக்கு வேறை வேலை இல்லையோ?" என்று ஏசித் துரத்திவிடுவாள். ஒரே ஒரு தடவை, ஆத்திரத்தில், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அதில் கூட்டாமல் குறைக்காமல் எழுதியதுதான் இது.

பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும், வெள்ளைச் சேலை கட்டித்தான் வரும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். கொடுத்து வைத்தவர்கள், பகலிலாவது நிம்மதியாகத் திரிகிறார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. ஐம்பத்தாறாம் ஆண்டு பங்குனி மாதம். நெல் அரிவி வெட்டி முடிந்து வயலெல்லாம் வெறுமையாய்க் கிடந்த காலம்.

தீவுப்பகுதியிலிருந்து லொறியில் வந்து இறங்கியபோது இரஞ்சிதத்துக்கு எட்டு வயது. அந்த லொறியில் உலக்கைக்கு இடம் இருந்தது, ஆட்டுக்கல்லுக்கு இடம் இருந்தது, அவளுடைய மரப்பாவைக்கு மட்டும் இடம் இருக்கவில்லை. போளைகள், சோகிகள், சிரட்டைத் தராசு எல்லாமே பெரியம்மா வீட்டோடு தங்கிவிட்டன. "அங்கை மண்ணும் மரமும் வேணுமெண்ட மட்டும் கிடக்கு. அதோடை விளையாடு" என்று தாய் இராசேஸ்வரி சொல்லிவிட்டாள்.

வெறும் மண்ணை வைத்துக்கொண்டு ஆடக்கூடிய விளையாட்டு ஒன்று இருக்கத்தான் செய்தது. எவடம் எவடம். ஒருத்தி இரண்டு கையையும் குவித்து மண் ஏந்துவாள். மண்ணின் நடுவில் ஒரு குச்சியைக் குத்துவார்கள். மற்றவள் பின்னால் நின்று அவள் கண்ணைப் பொத்தி, நடத்திக்கொண்டு போவாள். முன்னால் போகிறவள் "எவடம் எவடம்?" என்று கேட்கவேண்டும். பின்னால் வருகிறவள் "கிணத்தடி கிணத்தடி" என்றோ வேறு ஏதோ ஓரிடத்தின் பெயரையோ சொல்லுவாள். எங்கேயோ மண்ணைக் கொட்டுவித்து, சுற்றி வளைத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து கண்ணைத் திறந்துவிடுவாள். கொட்டிய மண்ணைத் தேடிப் பிடிக்கவேண்டும். பிடிக்காவிட்டால் திரும்பவும் அவள் கண்ணைத்தான் பொத்துவார்கள். இடையில் கண்ணைத் திறந்து பார்த்தால் கள்ளி என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அதைவிடக் கேவலம் அந்த வயதில் வேறு கிடையாது.

ஆனால் இந்த விளையாட்டைத் தனியே ஆட முடியாது. காலனியில் அவள் வயதுப் பிள்ளை யாரும் இல்லை. இருந்தது அக்கா அருந்ததி ஒருத்திதான். நாலு வயது மூத்தவள். மாசி மாதத்திலிருந்து அவளும் தங்கையைச் சேர்ப்பதில்லை. மத்தியானமானால் விறகு பொறுக்கப் போகிறேன் என்று புறப்படுவாள். விறகு வராது. நகக்கண்ணெல்லாம் மண்ணோடு அவள்தான் வருவாள். போகப்போகச் சோறு இறங்கவில்லை. காய்ச்சலும் இல்லை, ஆனால் ஆள் உருகிப்போனாள். தாய் திருநீறு போட்டுப் பார்த்தாள், கொத்தமல்லி அவித்துக் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றுக்கும் அசையவில்லை.

அப்படிப்பட்ட அக்கா, ஒரு வெள்ளிக்கிழமை, சோறு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போது தானாக வந்து கேட்டாள்.

"வாறியோ விளையாட?"

இரஞ்சிதத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எத்தனை நாள் கெஞ்சியிருப்பாள்! அக்கா தன் பங்குப் பனங்கட்டியையும் எடுத்து அவள் வாயில் வைத்தாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"என்னை விட்டிட்டு ஓடமாட்டியே அக்கா?"

"விசரி. வா."

அந்த ஒரு சொல்லில் இருந்த செல்லத்தை அவள் அப்படியே நம்பினாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அக்காவை நம்பாமல் வேறு யாரை நம்பத் தெரியும்?

காணிக்குப் பின்னால் வேலி. வேலி கடந்தால் ஒரு காய்ந்த வாய்க்கால். அதற்கு அப்பால் பெரிய பாலைமரம் ஒன்று. அதற்கும் அப்பால் காடு மூடிய பழைய குளம் ஒன்று, தண்ணீர் திறந்துவிடும் துருசும் உடைந்து, தூர்ந்து போய்க் கிடந்தது. அங்கே யாரும் போவதில்லை. போக அங்கே என்ன இருக்கிறது?

இரஞ்சிதம் மண் ஏந்தினாள். அருந்ததி பின்னால் நின்று கண்ணைப் பொத்தினாள். வெங்காயம் உரித்த கை. அந்த மணம் மூக்கில் ஏறியது. அக்காவின் நாடி இவள் உச்சந்தலையில் முட்டியது.

"எவடம் எவடம்?"

"வேலியடி வேலியடி." குரல் தலைக்கு மேலிருந்து வந்தது.

"எவடம் எவடம்?"

"வாய்க்காலடி வாய்க்காலடி."

உச்சியில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. அக்காவுக்கு வியர்க்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"எவடம் எவடம்?"

"பாலையடி... பாலையடி."

அங்கே நின்றார்கள். காட்டுப்புறா ஒன்று விடாமல் கூவிக்கொண்டிருந்தது. திடீரென்று கை விலகியது. மூடிய இமைக்குள் வெயில் சிவப்பாய்த் தெரிந்தது. பின்னால் சரசர என்று சருகு மிதிபட்டது, துணி இழுபட்டது. இரஞ்சிதம் கண்ணைத் திறக்கவில்லை. அவள் கள்ளி இல்லை.

கை திரும்ப வந்து கண்ணைப் பொத்தியது.

வெங்காய மணம் இல்லை.

கை குளிர்ந்திருந்தது. அந்த வெயிலில், தண்ணீர்ப்பானையைப் பிடித்திருந்த கைபோலக் குளிர்ந்திருந்தது.

"எவடம் எவடம்?"

நடந்தார்கள். பிறகுதான் பதில் வந்தது.

"...துருசடி துருசடி."

குரல் மேலிருந்து வரவில்லை. காதுக்கு நேரே வந்தது. அக்கா குனிந்து நடக்கிறாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

புறா கூவுவது நின்றுவிட்டது. சருகு மிதிபடும் சத்தம் மட்டும் கேட்டது. சரக்... சரக்... சரக். அவள் நின்று பார்த்தாள். சத்தமும் நின்றது. நடந்தாள். அவளுடைய கால்தான். அவளுடைய கால் மட்டும்தான்.

"எவடம் எவடம்?"

"எங்கடை வீட்டடி."

அந்தப் பக்கம் வீடு ஏது?

அடுத்த தடவை கேட்க அவள் வாய் எடுக்கவே இல்லை. அதற்குள் பதில் வந்துவிட்டது.

"இஞ்சைதான். கொட்டு."

குனிந்தாள். மண்ணைக் கொட்டினாள். விரல் பக்கத்தில் எதிலோ பட்டது. ஒரு மண் குவியல். அதில் ஒரு குச்சி. தொட்டதும் உளுத்து முறிந்தது.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

அதற்குப் பக்கத்தில்...

இரஞ்சிதம் கள்ளியானாள். கண்ணைத் திறந்தாள்.

விரல் இடுக்கால் தெரிந்தது. வெடித்த குளத்துத் தரை. கண்ணுக்கு எட்டிய மட்டும் சின்னச் சின்னக் குவியல்கள்.

கண்ணுக்கு முன்னால் இருந்த விரல்கள் அக்காவுடையவை அல்ல. இவளுடைய விரலைவிடச் சின்னவை.

"அக்கா..."

"அக்கா போயிட்டா."

"நான் வீட்டை போகவேணும்."

"தேடு. முதல் தேடு."

கை விலகவில்லை. அவளை அப்படியே சுழற்றியது. பிறகு நடத்தியது.

நடந்தாள்.

நடந்தாள்...

"ஓய்! பிள்ளை!"

வண்டிமாட்டு மணிச் சத்தம். முகத்தில் பளீரென்று வெயில் அடித்தது.

அந்தக் குரல் கச்சு முகம்மதுவுடையது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாடு ஏற்றி வந்து காலனியில் விற்கும் வியாபாரி அவர். குளக்கட்டை ஒட்டிய வண்டிப்பாதையால் வந்தவர், இந்தக் கொளுத்தும் வெயிலில் பிள்ளைகள் விளையாடுகிறார்களே என்று கூப்பிட்டிருக்கிறார். வண்டியை விட்டு இறங்கிக் கிட்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இரஞ்சிதம் வெறுங்கையைக் குவித்தபடி, கண் இமைக்காமல் நின்றாள்.

"மத்தப் பிள்ளை எங்க, மகள்?"

"அக்காவோ?"

"இல்ல... உன்னிலும் சின்னது. உன்ரை கண்ணைப் பொத்திக்கொண்டு வந்திச்சே."

அவர் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டு அவளைத் தூக்கி வண்டியில் தனக்கு முன்னால் இருத்தினார். வீடு வரும்வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

வீட்டு முற்றத்தில் அவளை இறக்கிவிட்டபோது அருந்ததி வீறிட்டுக் கத்தினாள். தங்கை திரும்பி வந்த சந்தோசத்தில் கத்துகிற கத்தல் அல்ல அது.

"ஏன் வந்தனீ? ஏனடி திரும்பி வந்தனீ?"

குசினியிலிருந்து ஓடிவந்த இராசேஸ்வரி மூத்தவளை முதலில் உள்ளே இழுத்து விட்டாள். பிறகுதான் இரஞ்சிதத்தைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு பூவரசந் தடி முறிய முறிய அருந்ததிக்கு அடித்தாள். "தங்கச்சியைக் காட்டுக்கை விட்டிட்டு ஓடி வந்தனியே, நீ ஒரு பிள்ளையோ!" அருந்ததி அடியை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டே கச்சு முகம்மது தகப்பன் இளையதம்பியிடம் மெல்லச் சொன்னார்.

"உச்சி நேரத்தில பிள்ளையள அந்தக் குளத்துப் பக்கம் விடாதீங்கோ தம்பி. முந்தி அங்க ஒரு ஊர் இருந்தது. மலேரியாக் காய்ச்சலோட ஊர் கலைஞ்சு போச்சு. கடைசியாப் போன குடும்பத்தில ஒரு சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல். தூக்கிக்கொண்டு போனால் மத்ததுகளுக்கும் தொத்தும் எண்டு, விளையாடுவம் வா எண்டு கண்ணைப் பொத்திக்கொண்டு போய்க் குளத்துக்க விட்டாங்களாம். கண்ணத் திறக்கப்படாது எண்டு சொல்லிப்போட்டு வண்டி கட்டிட்டாங்களாம். உண்மையோ பொய்யோ, எங்கட வாப்பா சொன்ன கதை."

"நல்ல கதை, காக்கா" என்று இளையதம்பி சிரித்தார். ஆனால் அடுத்த கிழமையே வேலிக் கடப்பை முள்ளுப் போட்டு அடைத்துவிட்டார்.

அன்றிலிருந்து இரஞ்சிதம் அக்காவோடு கதைப்பதை விட்டாள். ஒரே பாயில் படுத்தும் கதையில்லை. பேய் பிடித்ததைக்கூட அவள் மன்னித்துவிடுவாள். பனங்கட்டி ஊட்டிக் கூட்டிப்போன கை நடுவழியில் விட்டுவிட்டு ஓடியதே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அருந்ததி உடம்பு தேறி, வளர்ந்து, மாங்குளத்தில் கலியாணம் கட்டிப் போனாள். தாலி கட்டும்போது தங்கை வீட்டுக் கோடிக்குள் நின்று மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாமே தாய்தான். எந்தச் சம்பந்தம் வந்தாலும் "அம்மாவை விட்டிட்டு நான் ஒரு இடமும் போகமாட்டன்" என்று தட்டிக் கழித்தாள். தாய் படுக்கையில் விழுந்தபோது முகம் சுளிக்காமல் பீ மூத்திரம் அள்ளினாள்.

அறுபத்தேழில் இராசேஸ்வரி காலமானாள். எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, தாய்க்குப் பிடித்த கறிகளெல்லாம் சமைத்துப் படைக்க ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்த இரஞ்சிதத்துக்குப் பக்கத்தில் அருந்ததி வந்து குந்தினாள். அத்தனை வருசமும் அடக்கி வைத்திருந்த கேள்வி இரஞ்சிதத்தின் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

"அண்டைக்கு ஏன் என்னை விட்டிட்டு ஓடினனீ?"

"நான் ஓடேல்லை." அருந்ததி சட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "பாலையடியிலை உன்னைத் திருப்பி இழுத்துக்கொண்டு வரத்தான் பாத்தனான். அம்மாதான் என்னைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவா."

"அம்மாவோ? அம்மா குசினியிலை எல்லோ நிண்டவா."

"பாலைக்குப் பின்னாலை நிண்டவா."

கிணற்று வாளி தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"அது என்னை விடுகுதில்லை எண்டு நான் அம்மாட்டைச் சொல்லி அழுதனான். அம்மா தனியப் போய்... ஒரு மத்தியானம் அதோடை கதைச்சிட்டு வந்தவா. அது எங்கள் ரெண்டு பேரையும் கேட்டதாம். ஒராளைத்தான் தருவன் எண்டு சொன்னவாவாம்."

"ஆரை எண்டு... அது கேட்டதோ?"

"இல்லை. அது ஆரெண்டாலும் சரி எண்டுதானாம் நிண்டது." அருந்ததி அப்போதுதான் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். "அம்மாதான் உன்ரை பேரைச் சொன்னவா."

அது ஏன் அவளை விட்டது, கச்சு முகம்மதுவின் குரலுக்குத்தான் விட்டதா, இல்லை இன்னும் விடவில்லையா என்பது யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள் தலைவாழை இலை போட்டாகிவிட்டது. இளையதம்பி வாசலில் வந்து நின்று கூப்பிட்டார்.

"பிள்ளை இரஞ்சிதம், கொம்மாவைக் கடைசிவரைக்கும் பாத்தது நீதான். நீதான் விளக்குக் கொளுத்தவேணும். வா."

இரஞ்சிதம் கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் வரேல்லை ஐயா" என்றாள்.